ஜப்பானில் குடியேறி எழுதியவர்களை எவ்வளவு நம்பலாம்?

அடுத்த வசந்தத்தில் மூன்று வாரம் ஜப்பானில் சுற்றப் போவதாகவும், அதற்கு முன்னேற்பாடாக அங்கே நெடுங்காலம் வாழ்ந்த வெளிநாட்டு எழுத்தாளர்களின் நூல்கள் சிலவற்றைப் படித்ததாகவும், ஒருவர் தேவலோகமாக வர்ணிக்கும் நாட்டை இன்னொருவர் சிமெண்டுக் காடு என்று சாடுவதால் குழம்பிப் போயிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவர்களில் யாரை நம்புவது, அல்லது இவர்களை விட்டுவிட்டு ஜப்பானியர் எழுதியதை மட்டும் மொழிபெயர்ப்பில் படித்தால் போதாதா என்பது உங்கள் கேள்வி. பார்வைக்கு இது நூற்பட்டியல் கேட்பது போலத் தெரிந்தாலும், வெளியிலிருந்து வந்த ஒருவர் ஒரு சமூகத்தைப் பற்றி எழுதியதை எந்த அளவுகோலைக் கொண்டு எடைபோடுவது என்றுதான் நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக ஜப்பானிய மொழி கற்பித்தும், மெய்ஜி காலம் (1868–1912) தொடங்கிப் போருக்குப் பிந்தைய காலம் வரையிலான உரைநடையை மொழிபெயர்த்தும் வருவதால் இந்த நூல்களோடு எனக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. மாங்கா, அனிமே, காணொளிகள் வழியாக இன்று ஜப்பானைக் காட்டுகிறவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அச்சில் வந்த எழுத்தைப் பற்றி மட்டுமே இங்கே சொல்கிறேன்.

எழுத்தாளர் எத்தனை ஆண்டு அங்கே இருந்தார், மொழி தெரிந்தவரா என்ற இரண்டைத்தான் வாசகர்கள் வழக்கமாகக் கேட்கிறார்கள். இரண்டும் பயனுள்ள கேள்விகள். ஆனால் இரண்டும் பாதி வழியில் கைவிட்டுவிடும். ஜப்பானின் பதினோராம் நூற்றாண்டு நாவலான கெஞ்சியின் கதையை 1925 முதல் 1933 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஆர்தர் வேலி ஜப்பானில் கால் வைத்ததே இல்லை. அந்த மொழிபெயர்ப்பை 1940-இல் நியூயார்க் கடை ஒன்றில் மலிவு விலைக்கு வாங்கிப் படித்த டொனால்ட் கீன் என்ற மாணவர் பிறகு ஜப்பானிய இலக்கியத்துக்கே வாழ்நாளைக் கொடுத்து, 2012-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, 2019-இல் டோக்கியோவில் காலமானார். மறுபுறம், 1947-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தோடு வந்த டொனால்ட் ரிச்சி, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 2013-இல் இறக்கும் வரை டோக்கியோவாசியாகவே இருந்தார். ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசிய அவரால் அதைச் சரளமாகப் படிக்க முடியாது. ஆனாலும் குரோசாவாவின் படங்களைப் பற்றி 1965-இல் அவர் எழுதிய நூலைத் தவிர்த்துவிட்டு அந்த இயக்குநரைப் பற்றிப் பேசுவது இன்றைக்கும் கடினம்.

ஆகவே நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் அளவுகோல் வேறு. நூலைக் கையில் எடுத்ததும் அந்த எழுத்தாளரின் பக்கத்தில் நின்ற ஜப்பானியர் யார் என்று தேடுங்கள். மனைவியோ, துபாஷியோ, நண்பரோ, குருவோ, விடுதிக்காரரோ, யாரோ ஒருவர் இருந்தே தீருவார். அவர் எந்த ஊர், எந்தக் குடும்பம், எழுத்தாளரோடு எந்த மொழியில் பேசினார், எதைக் காட்ட விரும்பினார், எதைக் காட்ட வெட்கப்பட்டார் என்பது தெரிந்துவிட்டால், அந்த நூலில் எதை அப்படியே ஏற்கலாம், எதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று லஃப்காடியோ ஹெர்ன். 1850-இல் கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் இராணுவ மருத்துவருக்கும் அயோனியத் தீவு ஒன்றில் பிறந்து, டப்ளினில் உறவினர் வீட்டில் வளர்ந்து, பதினாறாம் வயதில் பள்ளியில் நேர்ந்த விபத்தில் இடக்கண் பார்வையை இழந்து, பத்தொன்பதாம் வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பத்திரிகையாளராகப் பெயரெடுத்த பிறகு, 1890 ஏப்ரலில் யோகஹாமாவில் வந்து இறங்கினார். அதே ஆண்டு ஜப்பான் கடலோரப் பகுதியான மட்சுயேவில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே 1891-இல் கொய்சுமி செட்சு அவருடைய வாழ்க்கைத் துணையானார். செட்சுவின் குடும்பம் சாமுராய்க் குடும்பம். மெய்ஜி மாற்றத்துக்குப் பிறகு மானியம் நின்று நொடித்துப்போன எத்தனையோ குடும்பங்களில் ஒன்று. சிறு வயதிலேயே தறியில் உட்கார்ந்து சம்பாதித்த பெண் அவர். ஹெர்னுக்கு ஜப்பானிய நூல்களைப் படிக்கத் தெரியாது. செட்சுவுக்கு ஆங்கிலம் தெரியாது. வேற்றுமை உருபுகளும் வினைத்திரிபுகளும் உதிர்ந்துபோன ஒரு வீட்டு ஜப்பானிய மொழியை இருவரும் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டார்கள். உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட அந்தப் பேய்க்கதைகள் எல்லாம் அந்த வீட்டு மொழியின் வழியாகத்தான் வந்தன.

கணவர் இறந்த பிறகு செட்சு சொல்லிவைத்த நினைவுக் குறிப்புகளில் இது எப்படி நடந்தது என்பதைக் காணலாம். பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கிய கதை நூல்களைச் செட்சு முதலில் தாமே படித்துக்கொள்வார். இரவில் விளக்குத் திரியைத் தாழ்த்திவிட்டுக் கதை சொல்லத் தொடங்குவார். புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் ஹெர்ன் ஒப்புக்கொள்ள மாட்டார். உன் சொல்லாக, உன் எண்ணமாக வர வேண்டும் என்பார். பயங்கரமான இடம் வந்தால் முகம் வெளிறி, அந்த ஒரு வரியை மறுபடி சொல்லச் சொல்வார். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும், அப்போது வெளியே என்ன சத்தம் கேட்டிருக்கும் என்று துருவுவார். பீவா என்ற நரம்புக் கருவியை இசைக்கும் கண்ணில்லாத இசைஞன் ஹோய்ச்சியின் கதையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் பொழுது சாய்ந்தும் விளக்கேற்றாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். செட்சு அடுத்த அறையிலிருந்து மெல்லிய குரலில் ஹோய்ச்சியின் பெயரைச் சொல்லி அழைக்க, தாம் குருடன் என்றும் அழைப்பது யார் என்றும் ஹெர்ன் உள்ளேயிருந்து பதில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பிறகு, அந்தக் கதைத் தொகுப்பின் அட்டையில் ஒரு பெயர் மட்டும் இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இதில் உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பல கதைகளுக்கு மூலமான பழைய ஜப்பானிய நூல்கள் கிடைக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்தால் ஹெர்ன் எங்கே நீட்டினார், எங்கே உரையாடல் சேர்த்தார் என்பது தெளிவாகத் தெரியும். ஆனால் கூடுதலாக வந்த ஒரு வரி செட்சு சொன்னபோதே சேர்ந்ததா, ஹெர்ன் எழுதியபோது சேர்ந்ததா என்பதைப் பல இடங்களில் இனி யாராலும் தீர்த்துவைக்க முடியாது. பனிப்பெண்ணின் கதை இன்னும் சிக்கலானது. டோக்கியோவை ஒட்டிய பழைய மாநிலமான மூசாஷியின் விவசாயி ஒருவர் தம் ஊர்க் கதையாகச் சொன்னது என்று ஹெர்ன் முன்னுரையில் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் மலைநாட்டு மரபுக்கதை என்று தொகுக்கப்பட்ட வடிவம் ஒன்று உண்மையில் ஹெர்னின் நூலிலிருந்தே அங்கே போய்ச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். வெளிநாட்டவர் கேட்டு எழுதியது திரும்பவும் உள்ளூர் மரபாக மாறிவிட்ட நிலையில், எது அசல் என்ற கேள்விக்கே பொருள் குறைந்துவிடுகிறது.

நம்பகத்தைப் பொறுத்தவரை என் மதிப்பீடு இது. ஒலிகள், வீட்டு வழிபாடு, இறந்தவர்களோடு அன்றாடம் நடக்கும் உறவு, ஆசிரியர் என்ற முறையில் அவர் கண்ட மாணவர்கள் ஆகியவற்றில் ஹெர்னைத் தயங்காமல் நம்பலாம். இருந்த ஒரு கண்ணும் கடுமையான கிட்டப்பார்வை கொண்டதால் அவருடைய காது அவ்வளவு கூர்மையாக இருந்தது. ஜப்பானிய மனம் இப்படிப்பட்டது, அது முன்னோரின் நினைவுகள் இரத்தத்தில் இறங்கி வருவதன் விளைவு என்று அவர் விளக்கத் தொடங்கும் இடங்களில் நிறுத்திக்கொள்ளுங்கள். அது ஜப்பானைப் பற்றிய அறிவு அன்று, அவர் பக்தியோடு படித்த ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரின் கோட்பாடு. அவர் மட்சுயேவில் இருந்தது மொத்தம் ஒன்றேகால் ஆண்டுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அடுத்து மூன்றாண்டு வாழ்ந்த குமமோட்டோவை, அது நவீனப் படைநகரம் என்பதால், அவர் விரும்பவில்லை. அவருடைய ஜப்பான் பெரிதும் ஒரு சிறு கோட்டை நகரத்தின் ஜப்பான், அதிலும் வீழ்ந்த சாமுராய்க் குடும்பத்தின் இழப்புணர்வு வழியாக வந்த ஜப்பான். வந்த புதிதில், முதல் அனுபவங்களை உடனே எழுதிவிடுங்கள், அவை ஆவியாகிவிடும் என்று ஓர் ஆங்கிலப் பேராசிரியர் சொன்ன அறிவுரையோடுதான் 1894-இல் வந்த அவருடைய முதல் ஜப்பான் நூல் தொடங்குகிறது. நான்கைந்து ஆண்டு கழித்து இவர்களைச் சிறிதும் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உணரும்போதுதான் ஏதோ கொஞ்சம் தெரியத் தொடங்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னதை 1904-இல் வந்த கடைசி நூலின் தொடக்கத்தில் அவரே நினைவுகூர்கிறார். முதல் நூலைப் படித்தவர்கள் கடைசி நூலையும் படித்துவிடுவது நல்லது.

ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் குடியேறியவர் அல்லர். 1878-இல் சில மாதங்கள் மட்டுமே பயணம் செய்தவர். ஆனாலும் அவரை இங்கே சேர்ப்பதற்குக் காரணம் அவருடைய துபாஷி இத்தோ. அப்போது பேர்டுக்கு நாற்பத்தாறு வயது. இத்தோவுக்கு இருபதை ஒட்டிய வயது. நிக்கோ, நீகாட்டா, யமகாட்டா, அகிட்டா வழியாக ஹொக்கைடோ வரை, அன்று ஐரோப்பியர் காலடி படாத சிற்றூர்கள் வழியாகக் குதிரையிலும் நடந்தும் சென்றார்கள். முதல் இரவு தங்கிய கசுகாபே விடுதியில் அறைத் தடுப்பின் காகிதம் முழுக்க ஓட்டைகள் இருந்தன என்றும், பல ஓட்டைகளில் ஒவ்வொரு மனிதக் கண் தெரிந்தது என்றும் பேர்ட் எழுதுகிறார். தெள்ளுப்பூச்சி, தோல் நோய், வறுமை, குழந்தைகள் மேல் பெற்றோர் காட்டும் அன்பு எல்லாம் அதே நேர்மையோடு பதிவாகின்றன. இத்தோ கூலியிலும் வாடகையிலும் கமிஷன் எடுத்ததையும், தம் நாட்டின் பின்தங்கிய பகுதிகள் வெளிநாட்டுப் பெண்ணின் கண்ணில் படுவதற்கு வெட்கப்பட்டதையும்கூட அவர் மறைக்கவில்லை. ஹொக்கைடோவின் பழங்குடியினரான ஐனு மக்களின் கிராமத்தில் இதன் பயன் தெரிகிறது. ஐனு முதியவர்கள் சொன்னது ஜப்பானிய மொழிக்கு மாறி, பிறகு இத்தோவின் வாயால் ஆங்கிலமாகி அவருக்கு வந்தது. இடையில் நின்ற இத்தோ அந்த மக்களை மனிதர்களாகவே மதிக்கவில்லை. நாய்கள் என்று சொன்னார். பேர்ட் அந்தச் சொல்லையும் எழுதிவைத்திருப்பதால், அந்தப் பக்கங்களில் எவ்வளவு கழித்துப் படிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிகிறது. அவருக்கே சில தவறான முன்முடிவுகள் இருந்தன. ஆனால் செய்தி தமக்கு வந்த வழியைக் காட்டிவிடும் எழுத்தாளரைத் திருத்திப் படித்துக்கொள்ள முடியும். இதற்கு நேரெதிர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் நாவலாசிரியருமான பியேர் லொத்தி. 1885 கோடையில் நாகசாகியில் ஒரு பெண்ணைத் தற்காலிக மனைவியாக ஒப்பந்தம் செய்து, அவளோடு உருப்படியாக ஒரு பேச்சும் பேச முடியாமல் எழுதிய நாவல் ஐரோப்பாவின் கற்பனையைப் பல தலைமுறைக்கு ஆட்டிவைத்தது. அதை ஜப்பானைப் பற்றிய சான்றாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

பக்கத்தில் நின்றவர் என்ன காட்ட விரும்பினார் என்பதற்கு ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டௌட் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1933 மே மாதம், ஜப்பானில் இறங்கியதும், தம் பிறந்த நாளான 4-ஆம் தேதி அவர் கியோட்டோவின் கட்சுரா மாளிகையைப் பார்த்தார். அதன் எளிமையை உலகத் தரத்துக்குப் புகழ்ந்தும், நிக்கோவின் பொன்னும் வண்ணமும் பூசிய கோயில்களை இகழ்ந்தும் எழுதினார். கட்சுராவைக் கண்டுபிடித்தவர் டௌட் என்று வழிகாட்டி நூல்களில் இன்றும் காணலாம். அவர் பார்த்தார், புகழ்ந்தார் என்பது உறுதி. கண்டுபிடித்தார் என்பது ஐயத்துக்குரியது. அவரை அழைத்துச் சென்றவர்கள் ஜப்பானின் நவீனக் கட்டடக் கலைஞர்கள். அலங்காரத்தை ஒதுக்கிய தங்கள் கொள்கைக்குத் தாய்நாட்டு மரபிலேயே ஆதாரம் இருக்கிறது என்று காட்ட அவர்களுக்கு ஒரு மேலைநாட்டுப் பெரியவரின் வாக்கு தேவைப்பட்டது. ஜப்பானியக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் இனோவே ஷோயிச்சி 1986-இல் எழுதிய நூலில் இந்தக் கட்டுக்கதை எப்படி வளர்ந்தது என்பதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார். அந்த நூலுக்குப் பிறகு டௌடைப் படிப்பது இன்னும் சுவையானது. ஒரு ஜெர்மானியர் வாயால் ஜப்பானியர் தங்களுக்குள் நடத்திக்கொண்ட விவாதம் அது. நிக்கோவுக்கு நீங்கள் போவதானால் டௌடின் இகழ்ச்சியை மனத்தில் சுமந்துகொண்டு போகாதீர்கள். அந்த மரச்செதுக்கு வேலைக்குரிய நேரத்தைக் கொடுங்கள்.

கையால் கற்றவர்களுக்கு நான் தனி இடம் கொடுப்பேன். 1911-இல் டோக்கியோவில் நண்பர்கள் கூட்டம் ஒன்றில் தாம் வண்ணம் தீட்டிய பாத்திரம் கண்ணெதிரே சூளையில் வெந்து வருவதைப் பார்த்த ஆங்கிலேய ஓவியர் பெர்னார்ட் லீச் அன்றே குயவராக முடிவெடுத்து, ஆறாம் கென்சான் என்ற பட்டப்பெயர் கொண்ட குயவரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1920-இல் ஜப்பானியக் குயவர் ஹமாதா ஷோஜியோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் சென்று சூளை அமைத்தார். மண், சாம்பல் மெருகு, தீ பற்றி அவர் எழுதியது அத்தனையும் உறுதியான நிலம். கீழைநாட்டு ஆன்மா பற்றி அவர் எழுதியதில் நண்பரும் நாட்டுப்புறக் கைவினை இயக்கத்தை நிறுவியவருமான யனாகியின் கருத்துகளே பெரிதும் பேசுகின்றன.

துணையே இல்லாமல் போனவர் ஆலன் பூத். நோ என்ற மரபு முகமூடி நாடகம் கற்க 1970-இல் வந்த இந்த இங்கிலாந்துக்காரர் 1977-இல் ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளின் வடகோடியான சோயா முனையிலிருந்து தென்கோடியான சட்டா முனை வரை 128 நாளில் நடந்தே முடித்தார். வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்ள வந்தவர்களையெல்லாம் மறுத்துவிட்டார். ஜப்பானிய மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே அவருடைய நூலில் விடுதிக்காரப் பெண்கள், மீனவர்கள், பள்ளிப் பிள்ளைகள், குடித்துவிட்டு வம்பளக்கும் முதியவர்கள் எல்லோரும் நேராகப் பேசுகிறார்கள். இவருக்குப் படுக்கை விரிப்பில் தூங்கத் தெரியாது, மீன் சாப்பிட வராது, மொழி புரியாது என்று கையை விரிக்கும் விடுதிக்காரரிடம், அவருடைய மொழியிலேயே நின்று வாதாட வேண்டியிருந்தது. ஆனால் இங்கேயும் ஒரு வரம்பு உண்டு. மாலையில் தங்கி மறுநாள் காலை புறப்பட்டுவிடுகிறவரிடம் ஊரார் சொல்வது ஒருவகைப் பேச்சு. பத்தாண்டு பக்கத்து வீட்டில் இருப்பவரிடம் சொல்வது வேறு. 1993-இல் நாற்பத்தாறு வயதில் புற்றுநோயால் இறந்த பூத் இன்னும் இருந்திருந்தால் அந்த இரண்டாவது வகை நூலையும் எழுதியிருப்பார் என்ற ஆற்றாமை எனக்கு உண்டு.

உங்கள் குழப்பத்தின் மையத்துக்கு இப்போது வருகிறேன். தேவலோகமும் சிமெண்டுக் காடும் இரண்டு எதிர்க் கருத்துகளாக உங்களுக்குப் படுகின்றன. பெரும்பாலும் இரண்டும் ஒரே புலம்பலின் இரண்டு பக்கங்கள். ஆங்கிலேய ஜப்பானியல் அறிஞர் பசில் ஹால் சேம்பர்லின் 1890-இல் பழைய ஜப்பான் இறந்துவிட்டது என்ற தொனியில் எழுதினார். ஹெர்ன் அடுத்த பதினான்கு ஆண்டும் அதையே வருந்தி எழுதினார். ரிச்சி 1971-இல் வெளிவந்த உள்நாட்டுக் கடல் (ஹொன்ஷுவுக்கும் ஷிக்கோகுவுக்கும் இடையிலுள்ள கடல்) பயண நூலில் அந்தத் தீவுகளின் வாழ்வு இன்னும் கொஞ்ச நாள்தான் என்றார். அமெரிக்கரான அலெக்ஸ் கெர் 1990-களில் மீண்டும் அதையே சொன்னார். நூறு ஆண்டுக்கு மேலாக ஒவ்வொரு தலைமுறையும், தாம் பார்த்ததுதான் கடைசி என்று அடுத்த பயணியிடம் சொல்லியிருக்கிறது. இது வெளிநாட்டவரின் மயக்கம் மட்டும் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1908-இல் பிரான்சிலிருந்து திரும்பிய ஜப்பானிய எழுத்தாளர் நாகாய் காஃபூ, எடோ காலத்து டோக்கியோ அழிவதைக் கண்டு எழுதிய வருத்தம் அவர்களில் எவருக்கும் குறைந்ததன்று. ஆகவே இப்படிப்பட்ட நூலைப் படிக்கும்போது ஆண்டைப் பாருங்கள்; அழிந்த பொருள் எது என்று பெயர் சொல்கிறாரா என்றும் பாருங்கள்.

கெர் பெயர் சொல்கிறவர். அதனால்தான் அவரை மதிக்கிறேன். 1964-இல் சிறுவனாக யோகஹாமாவுக்கு வந்தவர், 1973-இல் ஷிக்கோகுவின் இயா பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட ஒரு கூரை வீட்டை வாங்கினார். கணப்புப் புகை தலைமுறை தலைமுறையாகப் படிந்து தரைப்பலகையும் உத்தரமும் கறுத்துப் பளபளக்கும் அந்த வீட்டின் பெயர் சீயோரி. கூரை வேயும் புல் சேர்ப்பதே பெரும்பாடு. அந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர்கள் பள்ளத்தாக்கின் முதியவர்கள். அவருடைய முதல் நூல் ஜப்பானிய மொழியில், ஜப்பானிய வாசகருக்காக எழுதப்பட்டு, 1994-இல் ஷின்சோ கலை இலக்கியப் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் வெளிநாட்டவர் அவர். ஆங்கில வடிவம் பின்னர்தான் வந்தது. ஊராரின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட குற்றச்சாட்டுக்கு எடை அதிகம். ஆற்றங்கரைகளுக்கும் கடற்கரைக்கும் சிமெண்டு பூசியது, மின்கம்பிகள் தெருவெங்கும் தொங்குவது பற்றி 2001-இல் அவர் அடுக்கிய செய்திகளை நீங்கள் ரயிலிலிருந்தே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் கியோட்டோ இனி மீளாது என்ற தொனியை இன்றைக்கு அப்படியே ஏற்கக் கூடாது. 2007-இல் அந்நகரம் மையப்பகுதிக் கட்டடங்களின் உயர வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்து, கூரைமேல் விளம்பரப் பலகைகளைத் தடை செய்தது. பழைய நகரவீடுகளைச் செப்பனிட்டுத் தங்கும் இடங்களாக்கும் முயற்சியில் கெர்ரே முன்னின்றார். ரிச்சியின் தீவுகளும் அப்படித்தான். அவர் படகில் சென்ற கடலின் மேல் 1988-இலும் 1999-இலும் பாலங்கள் எழுந்தன. அவர் எதிர்பாராத வகையில் நவோஷிமா கலைத்தீவாக மாறியது. 2010 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை கலைவிழா நடக்கிறது. இளைஞர்கள் வெளியேறி மக்கள்தொகை சுருங்கியது என்ற அவருடைய அச்சம் மட்டும் முழு உண்மையாயிற்று.

பிக்கோ ஐயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய குடும்பப் பெயர் நமக்கு அறிமுகமானது. சென்னையில் பிறந்த தத்துவ அறிஞர் இராகவன் ஐயரின் மகன் அவர்; பிறந்தது ஆக்ஸ்ஃபோர்டு. 1987-இல் ஓராண்டு கியோட்டோ கோயில் ஒன்றில் இருப்பதாக வந்தவர் ஒரு வாரத்தில் வெளியேறினார். பிறகு நாராவுக்கு அருகில் ஒரு புறநகர் அடுக்குமாடி வீட்டில் ஜப்பானிய மனைவியோடு பல பத்தாண்டுகளாக, சுற்றுலா விசாவிலேயே, வாழ்ந்து வருகிறார். தம் ஜப்பானிய மொழியறிவு மிகக் குறைவு என்பதை அவர் மறைப்பதில்லை. அவருடைய பொதுக் கருத்துகள் அழகானவை, ஆனால் சரிபார்க்க முடியாதவை. மேசைப்பந்து ஆடும் அண்டைவீட்டு முதியவர்களைப் பற்றி, மாமனார் இறந்த பிறகு வீட்டில் நிகழும் மாற்றங்களைப் பற்றி எழுதும்போது அவர் நம்பிக்கைக்குரிய சாட்சி. கோயில்களும் தோட்டங்களும் அல்லாத, பலசரக்குக் கடையும் பேருந்து நிறுத்தமும் உள்ள ஜப்பானை வேறு பலர் எழுதவில்லை.

ஜப்பானியர் எழுதியதை மட்டும் படித்தால் போதாதா என்ற இரண்டாம் பகுதிக்கு என் பதில்: அவர்களை முதலில் படியுங்கள், ஆனால் அவர்களோடு நிறுத்த வேண்டாம். உள்ளே பிறந்தவர் எழுதத் தோன்றாத அளவுக்குப் பழகிப்போனதை வெளியாள்தான் எழுதுவார். தவிர, உள்ளே, வெளியே என்ற பிரிவினையும் இன்று அவ்வளவு உறுதியாக இல்லை. அமெரிக்கரான லீவி ஹிதேயோ ஜப்பானிய மொழியில் நாவல் எழுதி 1992-இல் நோமா புதுமுக இலக்கியப் பரிசு பெற்றார். சீனத்தில் பிறந்த யாங் யீ 2008-இலும், தைவானில் பிறந்த லீ கொத்தோமி 2021-இலும் அகுதாகவா பரிசு பெற்றார்கள். வெளிநாட்டவர் பார்வை என்று நாம் மேற்கத்தியரை மட்டுமே நினைப்பதற்கு இவர்கள் மாற்று. தமிழில் தி. ஜானகிராமனின் ஜப்பான் பயண நூலான 'உதய சூரிய'னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் குறுகிய காலமே சென்றுவந்தவர், ஆனால் நாடகம், சாப்பாடு, மனிதர் பேச்சு ஆகியவற்றைக் கவனிக்கும் கண் அவருடையது.

பயணத்துக்குப் பயன்படும்படி சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். மூன்று வாரம் இருப்பதால் மட்சுயேவுக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள். ஒக்கயாமாவிலிருந்து யாக்குமோ விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கோட்டை அகழியின் வடபுறத்தில் ஹெர்ன் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்து மூன்று பக்கமும் தோட்டத்தைப் பார்க்கலாம். அவருடைய தோட்டக் கட்டுரையை அங்கேயே வைத்துப் படித்தால், எவ்வளவு சிறிய இடத்திலிருந்து எவ்வளவு எழுதினார் என்பது விளங்கும். நிக்கோவில் பேர்ட் தங்கிய கனாயா குடும்பத்து வீடு காட்சியகமாகத் திறந்திருக்கிறது. கட்சுராவுக்கு அரண்மனை நிர்வாக முகமையிடம் முன்பதிவு செய்வது பாதுகாப்பானது. பேர்டின் நூலை வாங்கும்போது 1880-இல் வந்த முழுப் பதிப்பா, 1885-இல் வந்த சுருக்கப் பதிப்பா என்று பாருங்கள். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது, அதில் பல பகுதிகள் இல்லை. இவற்றில் எதற்கும் நேரமில்லை என்றால் செட்சுவின் நினைவுக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டுப் புறப்படுங்கள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1918-இல் வெளிவந்து, காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம்.